ஐந்நூற்று ஆறு

“தேவிப்ரியாவோட பேப்பர எடுங்க சார். நான் பாக்கணும்.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, ஆபீஸ் பொறுப்பில் இருக்கிற அமிர்தம் டீச்சர் எனக்குச் சொல்லியிருந்தார். “லீவு கேளு, பஸ் பாஸ் கேளு, சண்டகூட போடு. திருத்தி முடிச்ச பேப்பர மட்டும் கேட்டுடாத இசை. கேட்டின்னா அவங்கள நீ நம்பலன்னு அர்த்தம். நம்பாதவள அவங்க வெச்சிக்க மாட்டாங்க.” இப்போது அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். கதவு திறந்திருந்தது. ஸ்டேப்ளர் அடிக்கிற சத்தம் சட்டென்று நின்றது.

அறக்கட்டளையின் செயலாளர் தெய்வசிகாமணி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். வடக்கனந்தலில் கரும்பும் நெல்லுமாக நிலம் வைத்திருக்கிற குடும்பம். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

“எவ தேவிப்ரியா?”

“மலைப் புள்ள சார். அம்பத்தேழு மார்க்கு.”

“லிஸ்ட்ல இல்லாத புள்ள.”

“அதனாலதான் கேக்கறேன்.”

“இன்னாம்மா இது. லிஸ்ட்ல இருக்கறவ பேப்பரக் கேட்டாகூட ஆசையா பாக்கறதுக்குன்னு வெச்சிக்கலாம். இல்லாதவ பேப்பரப் பாத்து இன்னா பண்ணப் போற? ஃபிரேம் போடப் போறியா?”

பக்கத்து அறையிலிருந்து ஒரு சிரிப்பும் வரவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லாத இடத்தில் நிற்கப் பழகியவள் நான். நைனார்பாளையத்தில் குத்தகைக்கு உழுகிற வீட்டுப் பெண். எங்கள் பக்கம் நின்றுகொண்டே ஒரு மணி நேரம் பேசுவோம்.

இந்த அறக்கட்டளைக்குக் கள்ளக்குறிச்சியில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி ஒன்று இருக்கிறது. எட்டாவது முடித்த பிள்ளைகளுக்கு ஏப்ரலில் ஒரு தேர்வு வைப்பார்கள். தேறினால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவதுவரை தங்குவது, சாப்பிடுவது, படிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. நாற்பது இடம். கல்வராயன் மலையில் அவர்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு நான் கணக்கு டீச்சர். இந்த வருடம் என் வகுப்பிலிருந்து பதினொரு பெண்கள் தேர்வு எழுதினார்கள். ஒருத்திகூடத் தேறவில்லை. கடைசியாகத் தேறிய பிள்ளையின் மதிப்பெண் அறுபத்து நான்கு.

தேவிப்ரியாவின் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிகிறது. அடுத்த பள்ளிக்கு ஒன்பது கிலோமீட்டர், நடுவில் இரண்டு ஓடை. இடம் கிடைத்தால் ஒன்பதாவது. கிடைக்காவிட்டால் ஜூன் மாதம் அம்மாவோடு கேரளா எஸ்டேட்டுக்கு. தம்பியைப் பார்த்துக்கொள்ள என்றுதான் கூட்டிப்போவார்கள். அப்படிப் போன எந்தப் பெண்ணும் தம்பியை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்ததில்லை. திரும்பி வந்து பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததும் இல்லை. மூன்றாவது வழி என்று ஒன்று கிடையாது.

பட்டியல் வந்த மறுநாள் மலைக்குப் போனேன். தேவிப்ரியாவின் அம்மா பூமாலை சாமை புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்காமலே பேசினார்.

“வா டீச்சரு. மார்க்கு பத்தலியாமே?”

“பத்தல.”

“எவ்ளோ கம்மி?”

“ஏழு.”

“ஏழா! நான் எழுவதுன்னு நெனச்சேன்.” முறம் நின்றது. “எழுவதுன்னா மனசு ஆறிடும் டீச்சரு. ஏழுன்னு ஏன் சொன்ன?”

தேவிப்ரியா உள்ளேயிருந்து வந்தாள். அழவில்லை. அவளுக்கும் என்னைப் போலக் கோபம்தான் வரும்.

“எல்லாம் ஈசியாதான் இருந்துச்சு டீச்சரு. கடசியிலதான் பெரிய பெருக்கலு. அதையும் கரெக்டாதான் போட்டேன்.”

“இன்னா பெருக்கல்?”

“இருவத்தி மூணு இன்ட்டு இருவத்தி ரெண்டு. ஐநூத்தி ஆறு. ரெண்டு தபா போட்டுப் பாத்தேன்.”

“பவரா இருக்கும்னு தோணலியா?”

“தோணுச்சு. ஆனா பவருன்னா மேல குட்டியா இருக்கும். இது பக்கத்துலயே அதே சைசுல இருந்துச்சு. பேப்பர்ல இருக்கறத மட்டும் பாரு, இல்லாதத நீயா நெனச்சிக்காதன்னு நீங்கதான சொன்னீங்க?”

நான்தான் சொன்னேன். ஒருமுறை இல்லை, வருடம் முழுக்கச் சொன்னேன்.

கணக்கை மறந்தவர்களுக்காக: 2³ என்று எழுதினால் இரண்டை மூன்று முறை எழுதிப் பெருக்க வேண்டும் என்று பொருள். மேலே நிற்கிற அந்தச் சின்ன எண்ணுக்கு அடுக்கு என்று பெயர், பவர் என்பதும் அதுதான். கீழே நிற்பது அடிமானம். அடிமானம் ஒரே எண்ணாக இருக்கிற இரண்டைப் பெருக்க, அடுக்குகளைக் கூட்டினால் போதும். 2³ × 2² என்றால் 2⁵, அதாவது முப்பத்திரண்டு. இதை நான் முதன்முதலில் சொல்லிக்கொடுத்த அன்று வகுப்பே சிரித்தது. “வூட்ல அடுக்க வெளக்குவாங்க டீச்சரு, யாராச்சும் கூட்டுவாங்களா?” என்று கேட்டவள் இந்த தேவிப்ரியாதான். அவளுக்கு அடுக்கு தெரியாது என்று யாராவது சொன்னால் அடிப்பேன்.

அச்சில் அந்த மூன்றும் அந்த இரண்டும் மேலேயிருந்து கீழே இறங்கிவிட்டன. வினாத்தாளில் இருந்தது: சுருக்குக, 23 × 22. அடுத்தது x⁴ × x³ இல்லை, x4 × x3. எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் குறி இல்லாவிட்டால் பெருக்கல் என்று எடுத்துக்கொள் என்பதும் நான் சொன்னதுதான். அவள் 12x² என்று எழுதியிருக்கிறாள். (a²)³ என்பது (a2)3 ஆகிவிட்டது. 6a என்று எழுதியிருக்கிறாள். ஐந்து வினா, வினாவுக்கு இரண்டு மதிப்பெண், மொத்தம் பத்து. பத்தும் பூஜ்யம். பத்தும் கிடைத்திருந்தால் அறுபத்தேழு.

அவள் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரிந்தது என்று இங்கே எழுதினால் எனக்கு நன்றாக இருக்கும். அது பொய்.

தேர்வு அன்று மலை மையத்தின் அறையில் கண்காணிப்பாளராக இருந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை காலை. பதினொரு பெண்கள், ஒரு கரும்பலகை, உடைந்த இரண்டு ஜன்னல். கால் மணி நேரம் மீதி இருந்தபோது நடந்துகொண்டே தேவிப்ரியாவின் தாளைக் குனிந்து பார்த்தேன். ஓரத்தில் இருபத்து மூன்றை இருபத்து இரண்டால் பெருக்கிக்கொண்டிருந்தாள். மேசைக்கு வந்து மீதி இருந்த வினாத்தாளைப் புரட்டினேன். பார்த்த உடனே புரிந்துவிட்டது. கணக்குப் படித்தவளுக்கு ஒரு நொடி போதும். “பதினாறுலருந்து இருவதுவரைக்கும் பக்கத்துல இருக்கறது பவரு” என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது. பதினொரு பேரும் பத்து நிமிடத்தில் முடித்திருப்பார்கள்.

என் கையில் இருந்த விதித்தாளில் போட்டிருந்தது: கண்காணிப்பாளர் எந்த வினாவையும் விளக்கக் கூடாது, மீறினால் அந்த மையத்தின் தேர்வு ரத்து. ரத்தானால் பதினொரு பேருக்கும் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணம் இல்லை. மே மாதம் என் வேலையை அவர்கள் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதுதான் காரணம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். கல்லூரிக் கட்டணச் சலுகைக்காக அதற்குத் தாசில்தார் ஆபீசில் ஒரு சான்றிதழ் தருவார்கள், வீட்டுக்கு ஒருவருக்குத்தான். எனக்குக் கொடுத்தாகிவிட்டதால் என் தம்பிக்குக் கிடையாது. அந்த ஒருத்தியும் வேலையில்லாமல் திரும்பி வந்தால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். மணி அடித்தது. தாள்களை வாங்கிக் கட்டினேன்.

பேருந்து மலையிறங்கிப் பாதிவழி வந்ததும் டவர் கிடைத்தது. போன் நான்கு தடவை அதிர்ந்தது. அறக்கட்டளையின் வாட்ஸப் குழுவில் காலை பத்து இருபதுக்கே போட்டிருந்தார்கள்: “வினா 16 முதல் 20 வரை அச்சுப்பிழை. பக்கத்தில் உள்ள எண்ணை அடுக்காகக் கொள்ளவும். எல்லா மையங்களிலும் உரக்க வாசிக்கவும்.” கள்ளக்குறிச்சியில் வாசித்தார்கள். நூற்று எண்பது பெண்கள் கேட்டார்கள். நான் அதைப் பிற்பகல் இரண்டு மணிக்குப் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து மனதுக்குள் வாசித்தேன்.

அன்று மாலையே அமிர்தம் டீச்சரிடம் சொன்னேன். டவர் இல்லை, செய்தி வரவில்லை, யாரும் அடுக்கு என்று எழுதவில்லை. நான் பார்த்ததை மட்டும் சொல்லவில்லை. “நான் சார் காதுல போட்டுடறேன்” என்றார். “நீ ஹால் ரிப்போர்ட்ல ஒண்ணும் எழுதாத. அறிவிப்பு வாசிச்சாச்சான்னு இருக்கற கட்டத்த காலியா வுடு. அவங்க பாத்துப்பாங்க.” காலியாக விட்டேன். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு மாதம் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

இன்று காலை ஆபீசுக்கு வருமுன் அஸ்ரின் கடைக்குப் போனேன். அஸ்ரினும் நானும் ஒரே கல்லூரி. கடைவீதியில் அவள் அத்தா காஜா பாய் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறார், வினாத்தாளைத் தட்டச்சு செய்தவள் அவள்தான்.

“என்னையா கேக்கற?” என்று எகிறினாள். “ஏய், நான் பவர மேலதான் போட்டேன். இந்தா, ப்ரூஃப். கண்ணத் தொறந்து பாரு.”

பார்த்தேன். ஒவ்வொரு எண்ணும் மேலே, குட்டியாக, ஒழுங்காக நின்றது.

“அப்பறம் எப்டி எறங்குச்சு?”

“உங்க ஆபீஸ்ல ஃபைல அனுப்பச் சொன்னாங்க. அனுப்பினேன். அங்க இன்னொரு சிஸ்டத்துல தொறந்து, எழுத்து பொடியா இருக்குதுன்னு மொத்தமா செலக்ட் பண்ணி ஒரே ஃபான்ட்டா மாத்தியிருக்காங்க. ஒரே சைசுன்னா எல்லாம் ஒரே சைசுதான? மேல இருந்ததும் கீழ வந்து குந்திக்கிச்சு.” ப்ரூஃபை என் கையில் திணித்தாள். “எடுத்துக்கினு போ. ஆனா என் பேர இழுக்காத. அத்தாவுக்கு வருசா வருசம் அவங்க வேலதான் ஜாஸ்தி வருது.”

அவளுக்கும் ஒரு மே மாதம் இருந்தது. ப்ரூஃபைப் பையில் வைத்துக்கொண்டு இங்கே வந்தேன்.

“பேப்பர எடுங்க சார்” என்றேன் மறுபடியும்.

தெய்வசிகாமணி கண்ணாடியை மேசையில் வைத்தார். “டீச்சர்” என்று குரல் கொடுத்தார். அமிர்தம் டீச்சர் பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டார்.

கடைசிப் பக்கம். தேவிப்ரியாவின் எழுத்து குண்டு குண்டாக இருக்கும். ஓரத்தில் பென்சிலால் போட்டிருந்தாள்: 23 × 20 = 460, 23 × 2 = 46, கூட்டினால் 506. விடைக்கு அடிக்கோடும் இட்டிருந்தாள். அதற்கும் கீழே 12x², 6a, 28/27, 102. திருத்தியவர் ஐந்துக்கும் தனித்தனியாகத் தவறு போடவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்புக் கோடு.

“இதுல எது சார் தப்பு?”

“விடைக்குறிப்புல முப்பத்தி ரெண்டுன்னு இருக்குது.”

“கேள்வித்தாள்ல இன்னா இருக்குது?”

“அதான் அச்சுப்பிழைன்னு சொல்லிட்டமே.”

“எங்களுக்குச் சொல்லல.”

“பத்து இருவதுக்கு அனுப்பினோம்.”

“மலையில டவர் இல்ல சார்.”

“டவர நானா நடணும்?” அவர் சாய்ந்து உட்கார்ந்தார். “சரிம்மா. டவர் இல்ல, ஒத்துக்கறேன். டீச்சரு இருந்தல்ல? கூட்டறதுக்கும் பெருக்கறதுக்கும் வித்தியாசம் சொல்லிக்குடுக்கதான உன்ன வெச்சிருக்கோம்? கணக்கு படிச்ச டீச்சரு, கையில கேள்வித்தாள வெச்சிக்கினு மூணு மணி நேரம் அந்த ரூம்ல சுத்திக்கினு இருந்த. கண்ணுல படலியா?”

நான் பையை அடுத்த தோளுக்கு மாற்றினேன்.

“கேக்கறேன்ல. பாத்தியா, பாக்கலியா?”

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவரே அதற்கு ஒரு சந்து விட்டு வைத்திருந்தார்.

“பாத்தேன்.”

“இசை” என்றார் அமிர்தம் டீச்சர் வாசலிலிருந்து. அது பெயர் இல்லை, வாயை மூடு என்று அர்த்தம்.

“எப்போ பாத்த?”

“கா மணி நேரம் இருக்கறப்போ.”

“சொன்னியா?”

“சொல்லல சார்.”

அவர் சந்தோஷப்படவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார், தன்னைப் போல இன்னொருத்தியைப் பார்த்துவிட்ட மாதிரி.

“பாரும்மா. நான் ஒண்ணும் கல்லு இல்ல. செயலாளர் ஒதுக்கீடுன்னு ஒரு எடம் வருசா வருசம் என் கையில இருக்குது. அந்தப் புள்ளைக்கே தர்றேன். ஆனா பேப்பரத் திருத்த முடியாது. ஒண்ணத் திருத்தினா பதினொண்ணையும் திருத்தணும். திருத்தினா மலையில நாலு பேரு லிஸ்ட்ல ஏறுவாங்க. இங்க நாலு பேரு எறங்கணும். அவங்க வூட்டுக்கெல்லாம் லெட்டர் போயாச்சு. சீருடைக்கு அளவு எடுத்தாச்சு. எவன் வந்து கத்துவான், யாரு பதில் சொல்றது?”

“நாலு பேருன்னு எப்டி சார் தெரியும்?”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“போட்டுப் பாத்திங்களா?”

“பாக்காம இருப்பமா” என்றார் மெதுவாக.

ஆக, அவருக்கு முன்பே தெரியும். அமிர்தம் டீச்சருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கணக்கு தெரிந்த மூன்று பேர் ஒரு அறையில் நின்றுகொண்டிருந்தோம். மலையில் பதினொரு பெண்கள் தங்களுக்குக் கணக்கு வராது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

“யாரு சார் மத்த மூணு பேரு?”

“அது உனக்கு வேணாம்.”

இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தள்ளினார். என் ஹால் ரிப்போர்ட். நான் காலியாக விட்ட கட்டம் காலியாகவே இருந்தது. அச்சுப்பிழை அறிவிப்பு உரக்க வாசிக்கப்பட்டது: ஆம் / இல்லை.

“ஆம்னு டிக் போட்டு பக்கத்துல ஒரு கையெழுத்து போடு. அடுத்த மாசம் வெளியிலருந்து ஆடிட்டு வர்றாங்க. இந்தக் கட்டம் காலியா இருந்தா ஆயிரம் கேள்வி வரும். நீ போடு, நான் அட்மிஷன் போடறேன். அவ்ளோதான்.”

“அப்டின்னா அந்தப் புள்ளைங்களுக்குச் சொல்லியும் அதுங்க தப்பா எழுதுச்சின்னு ஆவும்.”

“ஆவட்டுமே. யாரு பாக்கப் போறாங்க?”

“மத்தவங்களுக்கு?”

“மத்தவங்க யாரும் கேக்கலியே.”

“அவங்களுக்குத் தெரியாது சார்.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

அமிர்தம் டீச்சர் உள்ளே வந்தார். பக்கத்தில் நின்று, அவர் காதில் விழாது என்பதுபோல, ஆனால் அவர் காதில் விழும்படியே பேசினார். “போட்டுடு இசை. ஒரு புள்ளையாச்சும் வரட்டும். நீ ரோசம் பாத்தின்னா அதுவும் போயிடும். உன் ரோசத்துக்கு அந்தப் புள்ள எஸ்டேட்டுக்குப் போவணுமா?” மேசையிலிருந்த பேனாவை என் பக்கம் நகர்த்தினார். “அன்னிக்கி வாய மூடிக்கினு இருந்தவதான நீ? இன்னிக்கி இன்னா புதுசா?”

இதைவிடப் பெரிய கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டவர் என்மேல் அக்கறை உள்ளவர். அதுதான் எரிந்தது.

பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். ‘இல்லை’ என்று போடலாம். போட்டால் நான் நல்லவள். ப்ரூஃபை மேசையில் எறிந்துவிட்டு, வாயில் வந்ததைப் பேசிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போகலாம். பேருந்தில் ஏறும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருக்கும். தேவிப்ரியா ஜூன் மாதம் கேரளா போவாள். அன்று என் வேலைக்காக அவளுடைய பத்து மதிப்பெண்ணை விட்டுக்கொடுத்தேன். இன்று என் கோபத்துக்காக அவளுடைய நான்கு வருடத்தை விட்டுக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை. இரண்டு தடவையும் கொடுப்பது அவளாக இருக்க முடியாது.

“மொதல்ல அட்மிஷன் லெட்டரு குடுங்க சார். சீல் வெச்சி.”

“நம்பிக்க இல்லியா?”

“இல்ல சார்.”

அமிர்தம் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். தெய்வசிகாமணிக்குச் சிரிப்புதான் வந்தது. கடிதத் தாளை எடுத்து எழுதினார். பெயர், ஊர், ஒன்பதாம் வகுப்பு, திங்கட்கிழமை காலை சேர வேண்டும். கடைசி வரியில் ‘கருணை அடிப்படையில்’ என்று எழுதத் தொடங்கினார்.

“அப்டி எழுதாதிங்க.”

“வேற எப்டி எழுதறது?”

“செயலாளர் ஒதுக்கீடுன்னு எழுதுங்க. கருணைன்னு இருந்தா நாலு வருசமும் எவளாச்சும் அதப் படிச்சிக் காட்டுவா.”

“இன்னாம்மா இது, பொண்ணு குடுக்கற வூட்ல பேசற மாதிரி பேசற.” ஆனாலும் அடித்துவிட்டு மாற்றி எழுதினார். சீல் வைத்தார். மை காய்வதற்குள் அதை எடுத்துக்கொண்டேன்.

பிறகு ரிப்போர்ட்டை இழுத்து ‘ஆம்’ என்ற இடத்தில் டிக் போட்டேன். இசைவாணி என்று முழுப் பெயரையும் எழுதினேன். இனி யார் எப்போது எடுத்துப் பார்த்தாலும், பதினொரு பெண்களுக்கு உரக்க வாசித்துச் சொல்லியும் ஒருத்திக்குக்கூடக் கணக்கு வரவில்லை என்றுதான் அந்தத் தாள் சொல்லும். சொல்வது நான். கல்லூரியில் போட்ட கையெழுத்தைவிட அழகாகவே வந்தது.

“அவ்ளோதான்மா” என்றார் தெய்வசிகாமணி. “போயி வேலயப் பாரு.”

“நாளையிலருந்து நான் வரல சார்.”

“ஏன்?”

“வரல.”

“சரி” என்றார். “நானும் அதத்தான் எப்டி சொல்றதுன்னு யோசிச்சிக்கினு இருந்தேன்.” தேவிப்ரியாவின் தாளை மடித்து அமிர்தம் டீச்சரிடம் நீட்டினார். “பீரோவுல வெச்சி பூட்டுங்க.”

அமிர்தம் டீச்சர் பூட்டவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டே என் பின்னால் வராந்தாவரை வந்தார்.

“வெயில்ல எங்கடீ போற?”

“மலைக்கு.”

“லெட்டர போன்ல போட்டோ எடுத்து அனுப்பினா போதாதா? யார் மூலமாவாச்சும் காட்டுவாங்க.”

“டவர் இல்லியே டீச்சர்.”

அவர் முகம் மாறியது. அவரும் முப்பது வருடம் பிள்ளைகளோடு இருந்தவர். அவருக்குப் புரியாமல் இருக்காது. “ஒரு வூட்டுக்குதான போற?” என்றார். “இசை, ஒரு வூட்டுக்குதான? நீ கையெழுத்து போட்டிருக்க. போயி வேற மாதிரி சொன்னின்னா நீதான் பொய்க்காரி. அந்த ஊர்க்காரங்களே உன்னத் திட்டுவாங்க.”

“திட்டணும்.”

டிக் போடும்போதே முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை தேவிப்ரியாவைக் கூட்டிவந்து சேர்த்துவிட வேண்டும், பதிவேட்டில் அவள் பெயர் ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மற்ற வீடுகள். அந்த மூன்று பேர் யார் என்று அவர் சொல்லவில்லை, அதனால் பத்து வீட்டுக்கும் ஏற வேண்டும். உன் பெண் போட்ட கணக்கு சரி என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும். அன்று நான் பார்த்தேன், பார்த்தும் சொல்லவில்லை, பிறகு சொன்னதாகக் கையெழுத்தும் போட்டேன் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் ஆபீசுக்கு வந்து கேட்பார்களோ, காறித் துப்புவார்களோ, சாமை புடைக்கப் போவார்களோ, அது அவர்கள் இஷ்டம். ஒன்றும் மாறாமலே போகலாம். லிஸ்ட் ஒட்டியாயிற்று. ஜூன் வந்துவிடும்.

“யோசிச்சி செய்யி” என்றார் அமிர்தம் டீச்சர்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி வெளியே நடந்தேன்.